இரண்டாவது அடுப்பு

எங்கள் பகுதியின் குடும்பக் கணக்கெடுப்புத் தரவைச் சுத்தம் செய்வது என் வேலை. அதில் ஓர் ஆளுக்கு ஒரு வரி. எந்த வீட்டில் இருக்கிறார் என்பதற்கு வீட்டு எண், எந்தச் சமையலில் சாப்பிடுகிறார் என்பதற்கு அடுப்பு எண். இரண்டையும் வைத்துக் குழு பிரிக்கச் சொன்னால் மென்பொருள் முரண்டு பிடித்தது. முதல் நூறு வரிகளைப் பார்த்தேன். இரண்டு எண்ணும் ஒன்றாகவே இருந்தன. எல்லா வரிகளையும் ஒப்பிட ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் இன்றுவரை ஏங்குகிறேன். அடுப்பு எண்களை மொத்தமாக நீக்கி, பழைய கோப்பின் மேலேயே சேமித்துவிட்டேன்.

4,112 பேர் 4,111 ஆகியிருந்தார்கள். எண்களை நீக்கினால் ஆள் குறையக் கூடாது.

"ஒரு ஆளைக் காணோம்," என்றேன் பக்கத்து இருக்கைக்காரியிடம்.

"ஒரே வீட்ல இருந்துக்கிட்டுத் தனியா சமைக்கிறவரா இருக்கும். உங்க அப்பாகூட அப்படித்தானே சார்? ஒரு வருஷமாப் பேச்சுவார்த்தை இல்லைன்னீங்களே."

"எங்க வீட்ல நானும் என் மனைவியும் மட்டும்தானே?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி கேட்டாள். "பின்னாடி ரூம்ல எதுக்குங்க ஒரு அடுப்பு?"

போய்ப் பார்த்தேன். அடுப்பு இன்னும் சுட்டது. பக்கத்தில் இரண்டு தம்ளர்கள். ஒன்று குடித்து முடித்தது. மற்றது தேநீரோடு மூடி வைத்திருந்தது. எடுத்து ஒரு வாய் குடித்தேன்.

சர்க்கரை இல்லை. நான் எப்போதும் சர்க்கரை இல்லாமல்தான் குடிப்பேன்.