ஐந்தாவது முகம்

"தொப்பியக் கழட்டுங்கப்பா. மூஞ்சி தெரியணுமாம்."

அப்பா கழற்றவில்லை. கொஞ்சம் மேலே தள்ளிக்கொண்டார், அவ்வளவுதான். "டீச்சர் மட்டும்தானே பாப்பாங்க?" என்று மறுபடியும் கேட்டார்.

"சத்தியமா அவங்க மட்டும்தான்" என்றாள் யாரெலி. சொல்லிவிட்டாளே தவிர, வீடியோ எங்கே போய் யார் கையில் சேரும் என்று அவளுக்கு மட்டும் என்ன தெரியும்?

அவள் படிப்பது கணக்கியல். ஊர்க் கல்லூரியில் இரண்டு வருஷம் முடித்தாயிற்று. ஆகஸ்டில் பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாற வேண்டும். மாறுவதற்கு முன்னால் கணக்கியலுக்குச் சம்பந்தமே இல்லாத பாடங்களும் சிலவற்றைப் படித்துத் தொலைக்க வேண்டும்.

மண்பாண்டம் எடுத்தாள். வானியல் எடுத்தாள். மேடைப் பேச்சை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். நாலு பேர் முன்னால் நின்றாலே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் அந்தப் பாடம் இல்லாமல் மாற முடியாது.

சரி, ஆன்லைனில் எடுத்தால் யார் முகத்திலும் முழிக்க வேண்டாமே என்று பெரிய கெட்டிக்காரி மாதிரி அதில் சேர்ந்தாள். சேர்ந்த பிறகுதான் விதியைப் படித்தாள்.

வீட்டில் பெரியவர்கள் ஐந்து பேரை உட்காரவைத்துப் பேச வேண்டும். ஆரம்பத்திலும் முடிவிலும் கேமராவைத் திருப்பி ஐந்து முகத்தையும் காட்ட வேண்டும். நடுவில் வெட்டக் கூடாது. வசமாக மாட்டிக்கொண்டாள்.

அம்மா, மாமா, அத்தை, கார் ஷெட்டில் குடியிருக்கும் நாச்சோ. நாலு பேர் தேறினார்கள். ஐந்தாவதாக மாடி வீட்டு தோன் எவரிஸ்தோவைக் கேட்டாள். முட்டி வலி, படி இறங்க முடியாது என்று கையை விரித்துவிட்டார் கிழவர்.

அப்புறம் அப்பாவை விட்டால் யார்?

இந்த நாட்டில் இருக்க அப்பாவிடம் காகிதம் கிடையாது. அந்த அறையில் யாரிடமும் கிடையாது, இங்கே பிறந்த யாரெலியைத் தவிர. மற்றவர்களாவது கல்யாணம், பிறந்தநாள் என்று படங்களில் நிற்பார்கள். அப்பா நிற்க மாட்டார். போன வாரம் அடுத்த தெருவில் மிக்ரா, அதாவது காகிதம் இல்லாதவர்களைப் பிடிக்கிற குடியேற்றப் போலீஸ் வந்து, வேலைக்குக் கிளம்பிய இரண்டு பேரை வேனில் ஏற்றிக்கொண்டு போனதிலிருந்து சோறுகூடச் சரியாக இறங்கவில்லை அவருக்கு. அப்படிப்பட்ட மனுஷன் மகளுக்காக வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

யாரெலியின் போன் கேமராவில் விரிசல். அப்பாவின் போனைத்தான் மாவு டப்பாமேல் சாய்த்து வைத்து, ஐந்து முகத்தையும் காட்டிவிட்டு, தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கொட்டாவி ஏன் வருகிறது என்பது தலைப்பு.

முதல் இரண்டு வரிக்குக் குரலே எழும்பவில்லை. மூன்றாவது வரியில் நாச்சோ நிஜமாகவே ஒரு கொட்டாவி விட்டான். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அப்பாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. யாரும் கேட்காமலே தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

யாரெலிக்கு நாக்கு பிரிந்தது. அட, வருதே! என்று இருந்தது.

அப்போதுதான் கதவு இடிபட்டது.

கையால் தட்டுகிற சத்தம் இல்லை. கட்டையால் இடிக்கிற சத்தம். மூன்று இடி.

யாரும் கத்தவில்லை. நாற்காலிகள் சத்தமே இல்லாமல் காலியாயின; அப்பாவின் தொப்பி மட்டும் தரையில் விழுந்து கிடந்தது. அந்த வீட்டில் இதற்கு ஒத்திகை உண்டு. கடைசியாகப் போன அம்மா, பேசு பேசு என்று கையால் காட்டிவிட்டுப் போனாள்.

யாரெலி பேசினாள். காலி நாற்காலிகளைப் பார்த்து, ஒருவர் கொட்டாவி விட்டால் பக்கத்தில் இருப்பவருக்கும் தொற்றிக்கொள்ளும் என்று உரக்க இங்கிலீஷில் சொன்னாள். வெளியே நிற்பவர்களுக்கு இது ஏதோ வகுப்பு நடக்கிற வீடு என்று தோன்றட்டும். குரல் ஆடவே இல்லை.

மறுபடியும் இடி.

"யாரு?"

பதில் இல்லை. கதவைத் திறக்கக் கூடாது, நீதிபதி கையெழுத்துப் போட்ட உத்தரவைக் கதவுக்கு அடியில் தள்ளச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் செய்தது. அதைச் சொல்ல வாயைத் திறந்தவள், திரையை ஓரமாக விலக்கிப் பார்த்தாள்.

கழுத்தில் டை. எண்ணெய் வைத்துப் படிய வாரின தலை. ஒரு கையில் கைத்தடி, இன்னொரு கையில் இனிப்பு ரொட்டிப் பெட்டி.

"செவிடாப் போயிட்டீங்களா எல்லாரும்?" என்று, யாரெலி கதவைத் திறந்ததும் உள்ளே வந்தார் தோன் எவரிஸ்தோ. காது கேட்காதவர் அவர்தான். "ஆள் பத்தலைன்னு சொன்னியேம்மா. மனசு கேக்கல. மாத்திரையப் போட்டுட்டு ஒவ்வொரு படியா இறங்கி வந்துட்டேன்."

யாரெலிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "ஐயோ, வாங்க எல்லாரும்! மாடி வீட்டுத் தாத்தாதான்!"

குளியலறையிலிருந்து நாச்சோ வந்தான். அலமாரிக்குப் பின்னாலிருந்து மாமாவும் அத்தையும் வந்தார்கள். "பாவி மனுஷா, உயிரே போச்சு" என்று அத்தை கிழவரின் முதுகில் ஒரு அடி வைத்தாள். அம்மா வந்தாள்.

கிழவரையும் சேர்த்து ஐந்து பேர் ஆகிவிட்டார்கள்.

"அப்பா எங்கடி?" என்றாள் அம்மா.

பின்னறையில் ஜன்னல் திறந்து கிடந்தது. கொசுவலைச் சட்டம் வெளியே தரையில் விழுந்திருந்தது. அதற்கு அப்பால் பாதாம் தோப்பு. தோப்பைத் தாண்டினால் நெடுஞ்சாலை. அங்கே பட்டப்பகலில் தொப்பிகூட இல்லாமல் ஓடுகிற ஒருவனை யார் வேண்டுமானாலும் நிறுத்தி, யாரென்று கேட்கலாம்.

ஒன்றுமில்லைப்பா, வந்துடுங்க என்று சொன்னால் போதும். யாரெலி தன் போனைத் தேடி எடுத்து, அப்பாவின் எண்ணை அழுத்தினாள்.

முன்னறையில், மாவு டப்பாமேல் மணி அடித்தது.