பச்சைப் புள்ளி

ரஷ்யாவுக்கு மருத்துவம் படிக்கப் போய் ஆற்றில் மூழ்கி இறந்த தம்பி சுதர்சனின் செல்போன் பூரணியிடம் வந்து சேர்ந்தது. அதில், நண்பர்கள் கூடிப் பேசும் ரஷ்ய மொழி இணையதளம் ஒன்று இருந்தது. எழுத்து ஒன்றும் அவளுக்குப் புரியாது; அவன் படத்தைப் பார்ப்பதற்காக மட்டும் தினமும் திறப்பாள். அப்போதெல்லாம் அவன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும்.

அவனோடு படித்த ஜெரால்டு துக்கம் விசாரிக்க வந்து, அந்தச் செல்போனை வாங்கிப் படித்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

"அக்கா, நீங்க திறக்குறப்பெல்லாம் எரியுற பச்சைப் புள்ளியைப் பார்த்து, அவன்தான் வந்திருக்கான்னு வேற ஊர்ல லீலியான்னு ஒரு பொண்ணு நினைச்சுக்கிட்டு இருக்கு. 'தினமும் வர்றே, ஏன் பேச மாட்டேங்குறே'ன்னு கேட்டுக்கிட்டே இருக்கு."

"ஐயோ பாவம். அவன் இல்லைன்னு நீயே எழுதிடுப்பா."

எழுதப் போனவன் சட்டென்று விரலை எடுத்துக்கொண்டான்.

"நேத்து இந்த செல்போன்லேருந்தே பதில் போயிருக்குக்கா. ரஷ்யன்ல."

"எனக்கு ஏதுடா ரஷ்யன்? என்ன போட்டிருக்கு?"

"'அக்கா என் முகத்தையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கா. அவ எதிர்ல எப்படிப் பேசுறது'ன்னு."

பூரணி செல்போனை மெதுவாக மேசைமேல் வைத்தாள். ஜெரால்டின் கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்து, அறைக்கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.