முன் பலகை

கடலூர் உப்பனாற்றின் மேல் பனி இன்னும் கலையவில்லை. உலக யுத்தம் முடிந்த பிறகு நடக்கிற முதல் துடுப்புப் பந்தயம். கிள்ளை வரைக்கும் போக ஒன்பது தோணிகள் வரிசைகட்டி நிற்கின்றன. தன் தம்பிக்குக் காய்ச்சல் என்பதால், அவன் உட்கார வேண்டிய முன் பலகையில் தைலம்மாள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் அவள் புருஷன் காத்தவராயன். கொடிக்காரர் கரையிலிருந்து குனிந்து பார்க்கிறார். "பொம்பளைக்குத் தாங்காதுப்பா, எறங்கச் சொல்லு." "மச்சானுக்குத் துடுப்பு புடிக்கக் கத்துக்குடுத்ததே இவதாங்க," என்கிறான் காத்தவராயன். அவர் பட்டியலில் ஒரு பெயரை அடித்துவிட்டு இன்னொன்றை எழுதுகிறார். தைலம்மாள் மடியில் கிடக்கும் துடுப்பைத் தடவுகிறாள். கல்யாணத்துக்கு முன், அப்பாவோடு பிச்சாவரத்துக்கு விறகுக்குப் போன காலைகளிலும் தண்ணீர் இப்படித்தான் புகைந்துகொண்டிருக்கும். மரங்களுக்குள் தோணி நுழைந்ததும் அப்பா பாட்டை நிறுத்திவிடுவார். அவள் துடுப்பின் சத்தம் மட்டும் கேட்கும். அதெல்லாம் நடந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. கொடி இறங்குகிறது. கரை முழுக்கக் கூச்சல். அவள் தோள் தானாக முன்னே சாய, தோணி துள்ளிப் பாய்கிறது. "மெதுவா புள்ள! பொழுது சாயற வரைக்கும் போவணும்." "எனக்குத் தெரியாத தண்ணியா மாமா?" என்கிறாள், திரும்பாமல். அவள் வீச்சுக்கு ஈடுகொடுக்க முடியாமல் காத்தவராயன் பின்னால் திணறுகிறான்.