ஜன்னல் வழியே ஒரு ஒயர்

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பதற்கு அந்தக் குடியிருப்பில் வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. தரைத்தளத்துக்காரரின் குட்டி எலெக்ட்ரிக் கார் போதும்.

முன்விளக்குகளுக்கு மேலே ஒட்டுக் கண்ணிமைகள். ஒரு நாளும் பெட்டி ஏறாத கூரையில் பெட்டி கட்டுவதற்கான கம்பிச் சட்டம். புகையே விடாத காருக்குப் பின்னால் பளபளவென்று இரட்டைப் புகைக்குழாய். சத்தமே போடாத காரைச் சிங்கம்போல் உறும வைக்க முன்பக்கம் ஒரு ஸ்பீக்கர். யாராவது நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டால் தொலைந்தார்கள். எதை எந்தக் கடையில் எப்படி மாட்டினார் என்று ஆதியோடு அந்தமாக ஒப்பித்த பிறகுதான் விடுவார்.

"காருக்குச் செய்யறதுல பாதி எனக்குச் செஞ்சிருந்தா, நான் உறுமாம இருந்திருப்பேன்" என்பாள் அவர் மனைவி.

இதற்கிடையில் குடியிருப்பின் பொது மின்கட்டணம் சில மாதங்களாக ஏறிக்கொண்டே போனது. செயலாளர் படிக்கட்டு பல்புகளில் பாதியைக் கழற்றினார். லிஃப்டை நிறுத்திவிட்டு 'பழுது' என்று அட்டை மாட்டினார். மூட்டுவலிக்காரர்கள் முனகிக்கொண்டே மாடி ஏறினார்கள். கட்டணமும் அவர்களோடு சேர்ந்து ஏறியது.

அன்று மாலை விளக்கு போடும் நேரத்தில் செயலாளர் எல்லோரையும் கார் நிறுத்துமிடத்துக்கு அழைத்தார்.

"இந்த ஒயரைப் பாருங்க!"

விரல் தடிமனில் ஒரு கறுப்பு ஒயர். ஒரு முனை காரின் சார்ஜ் துளையில் இருந்தது. மறுமுனை தரைத்தள வீட்டின் சமையலறை ஜன்னலுக்குள் போயிருந்தது.

"தினமும் வீட்டுலேருந்து காருக்கு சார்ஜ் போகுது. ஆனா இவன் வீட்டு மீட்டரோ ஆமை மாதிரி நகருது. எப்படி? பொது லைன்ல கொக்கி போட்டிருக்கான்! வீட்டு ஓனர்கிட்டப் பேசிட்டேன். மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணும்."

தரைத்தளத்துக்காரரின் மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது. "அண்ணே, பிள்ளைக்கு ஸ்கூல் பக்கமா இருக்கணும்னு நாயா அலைஞ்சு பிடிச்ச வீடு. நடு வருஷத்துல நாங்க எங்க போவோம்?" என்றவள் கணவனிடம் திரும்பினாள். "வாயைத் திறங்களேன்! கார் கண்ணிமையைப் பத்தின்னா மட்டும் மணிக்கணக்கா பேசுறீங்க!"

"இந்த ஒயரைப் பத்தி இதுவரைக்கும் யாரும் கேக்கலையேம்மா" என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு.

செயலாளர் காவலாளியைப் பார்த்தார். "இவன் வீட்டு மெயினை இறக்குப்பா. அதுக்கப்புறமும் ஒயர்ல கரண்ட் இருந்தா, திருட்டுக் கரண்ட்தானே?"

காவலாளி இறக்கினார். வீட்டில் விளக்கு அணையவில்லை. மின்விசிறி ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது. கூட்டம் வாயைப் பிளந்தது.

"பாத்தீங்களா! காரு மட்டுமில்ல, வீடே பொது லைன்லதான் ஓடுது! கையும் களவுமா மாட்டிக்கிட்டான்!"

தரைத்தளத்துக்காரர் குனிந்து காரிலிருந்து ஒயரை உருவினார். வீடு இருண்டது. மறுபடி செருகினார். வீடு ஒளிர்ந்தது.

"கரண்ட் காருக்குள்ள போகலை சார், கார்லேருந்து வெளிய வருது. புது அடாப்டர். விளக்கு, ஃபேன், டிவி, ஃபிரிட்ஜ் எல்லாமே கார் பேட்டரிலதான் ஓடுது. இதுக்காக ஒரு கடைக்காரரைத் தேடி நான் அலைஞ்ச கதை இருக்கே..."

"கதை விடாதே!"

"எதுக்கு வாக்குவாதம்?" என்றார் பொருளாளர் அம்மாள். "பொது மெயினையும் இறக்கிப் பாத்துடலாம். இவர் வீட்டுல விளக்கு எரிஞ்சா இவர் யோக்கியர்."

"வேணாம், வேணாம்!" செயலாளர் பதறினார். "லிஃப்ட்ல யாராவது மாட்டிக்குவாங்க!"

"லிஃப்ட்தான் பழுதாச்சே சார்?" என்றபடியே காவலாளி அதையும் இறக்கினார்.

படிக்கட்டு இருண்டது. வாசல் இருண்டது. தரைத்தள வீடோ கல்யாண வீடுபோல் ஒளிர்ந்தது. அப்போது மூன்றாவது மாடியில் செயலாளர் வீட்டு ஜன்னல் படாரென்று திறந்தது.

"என்னங்க! நம்ம ரெண்டு ஏசியும் நின்னுபோச்சு! எவன் அங்க பொது மெயின்ல கை வெச்சது?"

கீழே எல்லார் தலையும் செயலாளர் பக்கம் திரும்பியது.

தரைத்தளத்துக்காரர் சட்டைப் பையிலிருந்து ஓர் அடையாள அட்டையை எடுத்துச் செயலாளர் முன்னால் நீட்டினார். மின் திருட்டுத் தடுப்புப் பிரிவு, ஆய்வாளர்.

"அக்கம்பக்கத்துல எங்க வேலையைச் சொல்லிக்கிறதில்ல சார். சொன்னா யாரும் தைரியமா தப்புப் பண்ண மாட்டாங்க. நாளைக்கு எங்க ஆளுங்க வருவாங்க. வீட்டுலயே இருங்க."

"காலி பண்ணச் சொன்னது..." என்று மனைவி இழுத்தாள்.

"யாரும்மா சொன்னா? தாராளமா இருங்க!" என்று சொல்லிக்கொண்டே செயலாளர் இருட்டில் படியேறத் தொடங்கினார். பல்பு இல்லாத திருப்பத்தில் அவர் இடறி விழுந்த சத்தம் கேட்டது.

கூட்டம் கலைந்தது. பொருளாளர் அம்மாள் மட்டும் மரியாதையோடு காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"உங்க மீட்டரும் ஓடலை, பொது மீட்டரையும் நீங்க தொடலை. அப்போ இந்தக் காருக்கு சார்ஜ் எங்க தம்பி போடுறீங்க?"

கடைசியில் ஒருவராவது கேட்டுவிட்டாரே என்று அவர் முகம் மலர்ந்தது.

"எங்க ஆபீஸ்லதான் மேடம். அங்க வந்து யாரு செக் பண்ணப் போறா?"