தீப்பெட்டி லயம்

மண்சரிவு அம்மாவைக் கொண்டுபோன நாளிலிருந்து ஆறு வயது மதுஷா பேசுவதேயில்லை.

"தினமும் அவளோட விளையாடுங்க. ஒண்ணும் கேக்காதீங்க, அவ இஷ்டத்துக்கு விடுங்க" என்றார் பதுளை டாக்டரம்மா.

தயாபரன் மகளோடு தரையில் உட்கார்ந்தான். அவள் தீப்பெட்டிகளை வரிசையாக வைத்து, தேயிலைத் தோட்டத்து லயம் போல அறை அறையாகக் கட்டினாள். ஒரு காம்பரா அறைக்குள் அம்மா பொம்மையைப் படுக்க வைத்தாள்.

"மண் சரிஞ்சப்ப அவ உள்ள இருந்தது எனக்குத் தெரியாதுங்க" என்றுதான் தோட்டம் முழுக்க அவன் சொல்லியிருந்தான்.

அப்பா பொம்மையை மதுஷா அவன் கையில் கொடுத்தாள். விளையாட்டுதானே என்று அவன் தீப்பெட்டியை மூடினான்.

"பூட்டாதீங்கப்பா! அம்மா உள்ள இருக்காங்க!"

நான்கு மாதத்தில் அவள் பேசிய முதல் பேச்சு.

மலை சரியத் தொடங்கியதும், கள்ளன் புகுந்துவிடுவான் என்று காம்பராவைப் பூட்டிவிட்டு அவளை இழுத்துக்கொண்டு அவன் ஓடிய அன்றும் அவள் இதையேதான் கத்தினாள்.

"வாய மூடிக்கிட்டு வாடி" என்று அதட்டியது அவன்தான்.