சின்னக் கரையான்

“எல்லாத்தையும் உள்ள வச்சுட்டியாம்மா?” என்று பேராசிரியர் உருக்கமாகக் கேட்டார்.

மாணவி தலையாட்டினாள். ஆட்டோகிளேவ் என்கிற அந்த ராட்சத பிரஷர் குக்கருக்குள் அவளுடைய ஆராய்ச்சி மொத்தமும் சின்னச் சின்னக் குழாய்களாகக் கிடந்தது.

பழைய மரஅறுப்பு மில்லின் பின்புறம் மக்கிக் கிடந்த மரத்தூளில் அவள் கண்டெடுத்த பாக்டீரியா அது. மரத்தூளைச் சர்க்கரையாக மாற்றிவிடும்; சர்க்கரை கிடைத்துவிட்டால் அதிலிருந்து எரிபொருள் செய்துகொள்ளலாம். ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அதைச் செல்லமாக ‘சின்னக் கரையான்’ என்பார்கள்.

“மரபணு ரிப்போர்ட் தப்பா வந்திருக்குமோ சார்?”

“நானும் அப்படித்தாம்மா நெனச்சேன். திரும்பப் படிச்சுப் பாக்கச் சொன்னேன். எல்லாக் குப்பையிலயும் இருக்கற சாதாரண பாக்டீரியாதானாம். இதைக் கட்டிக்கிட்டு அழுதா உன் வயசுதான் வீணாப்போகும். அழிச்சுட்டுப் புதுசா ஆரம்பி, மனசு ஆறிடும்.”

அவள் மூடியை இறுக்கி சுவிட்சைப் போட்டாள். கண்ணில் கரகரவென்று நீர் வழிந்தது. பேராசிரியர் தன் கைக்குட்டையை நீட்டினார். பெற்ற அப்பாகூட அத்தனை பரிவாக நீட்டியிருக்க மாட்டார்.

மனுஷர் சொன்னது அத்தனையும் பச்சைப் பொய்.

அம்மாவுக்கு ஆபரேஷன் என்று அவள் லீவில் போயிருந்த சமயம், உறைபெட்டியில் அவள் தனி டப்பாவில் ஒதுக்கி வைத்திருந்த குழாயை ஓசைப்படாமல் சுட்டவர் இவர்தான். உசத்தியான சரக்கைத்தானே யாரும் தனியாக வைப்பார்கள் என்பது அவர் கணக்கு. அதில் கொஞ்சம் எடுத்து, செல்லை உடைத்து, டி.என்.ஏ.வை மட்டும் பிரித்து, வேண்டப்பட்ட ஓர் இடத்தில் ரகசியமாகப் படிக்கக் கொடுத்தார்.

வந்த ரிப்போர்ட்டைப் பார்த்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. மரத்தை உடைக்கும் மரபணுக்கள், இதுவரை எவரும் பார்த்திராத மாதிரி, வரிசைகட்டி நின்றன.

நேராக ஓர் எரிபொருள் கம்பெனி முதலாளியிடம் ஓடினார். அவர் இவரைவிடக் கெட்டிக்காரர்.

“வெறும் ரிப்போர்ட்டை வச்சு நான் என்ன பண்றது சார்? உயிரோட கொண்டாங்க. உலகத்துல வேற யார்கிட்டயும் அது இருக்கக் கூடாது. அப்புறம் டைரக்டர் நாற்காலி உங்களுக்குத்தான்.”

அன்றைக்கே இங்கே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார். அந்தக் குழாய் இப்போது அவர் வீட்டு ஃப்ரீசரில், ஐஸ் ட்ரேக்குப் பின்னால் இருக்கிறது. மனைவியிடம் ஏதோ மருந்து என்று சொல்லி வைத்திருக்கிறார். இங்கே வளர்த்துப் பார்த்தால் இவள் கண்ணில் பட்டுவிடுமே என்று அதைத் திறக்கவும் இல்லை.

ஆட்டோகிளேவ் புஸ்ஸென்று ஆவியை விட்டு அடங்கியது. அவருக்கு அப்பாடா என்றிருந்தது.

“வேற எங்கயும் மிச்சம் இல்லையேம்மா? அந்த மில்லுல?”

“மில்லையே இடிச்சாச்சு சார். மரத்தூளை எல்லாம் கொளுத்திட்டு, கார் நிறுத்த சிமெண்ட் போட்டுட்டாங்க. இனிமே தேடினாலும் கெடைக்காது.”

பேராசிரியர் வருத்தமாக உச்சுக்கொட்டினார். மனசுக்குள் டைரக்டர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு சுற்றும் சுற்றிவிட்டார்.

“ஒரே ஒரு குழாய்தான் சார் அகப்படல. தனி டப்பாவுல வச்சிருந்தேன். எங்க போச்சுன்னே தெரியல.”

மனசுக்குள் சுற்றிய நாற்காலி சட்டென்று நின்றது. முகத்தில் மட்டும் காட்டிக்கொள்ளவில்லை.

“அடடா. நல்லாத் தேடிப் பாத்தியாம்மா?”

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கைக்குட்டையை மடித்து அவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

“விடுங்க சார். உயிரோட இருக்கறதோட கலந்துடக் கூடாதுன்னுதான் தனியா வச்சிருந்தேன். ஒப்பிட்டுப் பாக்கறதுக்காக நானே வெந்நீர்ல போட்டுக் கொன்னது அது.”