ஊர்க்காரர் நாற்காலி

கட்சிக்காரர்கள் மட்டும் உட்கார்ந்தது போதும் என்று, சட்டமன்றக் குழு ஒவ்வொன்றிலும் குலுக்கலில் ஒரு ஊர்க்காரரையும் சேர்த்தார்கள். குவாரிகளை விசாரிக்கும் குழுவுக்குக் கொல்லயில் ஊரைச் சேர்ந்த ஜெபமலரின் பெயர் விழுந்தது. வீட்டுக்குப் பின்னாலுள்ள பாறையை உடைக்க விடக்கூடாது என்று சொல்லத்தான் தன் முதல் கூட்டத்துக்குத் திருவனந்தபுரம் பஸ் ஏறினாள்.

அவள் இடத்தில் அவளுக்குப் பிடித்த கருப்பட்டிக் காப்பி ஆவி பறக்க இருந்தது.

"வாங்க அக்கா, உங்க பழைய நாற்காலியாக்கும்," என்றார் தலைவர்.

"நான் இப்பந்தானே சாரே முதல்ல வாறேன்?"

உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெபமலருக்கு ஆவல் தாங்கவில்லை.

"அப்பம் பாறையைப் பத்தி நான் என்ன சொன்னேன்?"

தலைவர் தயங்கினார். "எல்லாத்தையும் மறந்துட்டுத் திரும்ப வந்து இதைக் கேப்பேன், சொல்லிரப்பிடாதுண்ணு போன தடவை நீங்கதானே எங்க கையைப் பிடிச்சு அழுதீங்க."